குளவி மலையில் ஒரு ரிப்பேர்காரன்

மெஷின் நின்றுபோனால் ரிப்பேர்காரனைக் கூப்பிடுவார்கள். ரிப்பேர்காரனே நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்று எங்கள் தொழிலில் யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரன். தேயிலைத் தூளில் கலந்து கிடக்கும் காம்பையும் நாரையும் கேமரா கண்ணால் பார்த்துக் காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷினை எங்கள் கம்பெனி செய்கிறது. அதை இலங்கை மலைநாட்டில் பொருத்திவிட்டு, இரண்டு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கொத்மலைக்கும் இறம்பொடைக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் எனக்குக் குவார்ட்டர்ஸ். அங்கிருந்து கந்தப்பளை வரை நாலு ஃபேக்டரி என் பொறுப்பு. விமானத்தில் ஒரு மணி நேரம், இறங்கினால் எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள், இதையெல்லாம் வெளிநாடு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள் என்றாள் என் மனைவி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு, 'இங்கே எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்று ஒரு தடவையாவது கூரையைப் பார்த்துக் கேட்டவர்களுக்கு மட்டும் நான் சொல்லப்போவது புரியும். உங்களில் பாதிப்பேர் அப்படிப்பட்டவர்கள்தான் என்று எனக்குத் தெரியும்.

எந்தத் தோட்டம்?

போய்ச் சேர்ந்த நாலாவது மாதம். குவார்ட்டர்ஸிலிருந்து ஃபேக்டரிக்கு ரோட்டு வழியாகப் போனால் அரை மணி நேரம், தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினால் பத்தே நிமிஷம். ஊரில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிப் பழகிய கால் எந்தப் பாதையில் இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று பாதி வழியில் இரண்டு குளவிகள் கொட்டின. ஒன்று காதுக்குக் கீழே, ஒன்று பிடரியில். பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேக்டரி வாசலுக்கு வருவதற்குள் உள்ளங்கை அரித்தது, உதடு தடித்தது, தொண்டைக்குள் துணியைத் திணித்த மாதிரி மூச்சு அடைத்தது.

அங்கே டிஸ்பென்சரியை மருந்துக்காம்பரா என்பார்கள். அது பூட்டியிருந்தது. டாக்டர் ஐயா இரண்டு தோட்டத்துக்கும் பொதுவானவர், அன்று அடுத்த தோட்டத்து முறை. என்னைக் கொழுந்து லாரியில், இலை மூட்டைகளுக்கு நடுவே படுக்கப் போட்டார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஐம்பது நிமிஷம். ஒவ்வொரு வளைவிலும் மூட்டை என் மேல் சாய்ந்தது. பாஸ்போர்ட் விசா வேலைக்காகக் கொழும்பில் இருந்தது. சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் மட்டும். இப்படியே செத்துப்போனால் நான் யார் என்று சொல்ல அந்த ஸ்க்ரூடிரைவரைத் தவிர வேறு சாட்சி இல்லையே என்று பயத்தில் அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சிங்களத்தில் சத்தம் போட்டார். யாரோ தொடையில் ஊசி ஏற்றினார்கள். அதே நேரம் தலைமாட்டில் ஓர் ஊழியர் ஃபாரமும் பேனாவுமாக வந்து நின்று, "எந்தத் தோட்டம்?" என்று தமிழில் கேட்டார். வராத குரலில் "கோயம்புத்தூர்" என்றேன். அவர் முகம் மாறவே இல்லை. "மேப்பிரிவா, கீழ்ப்பிரிவா?" என்றார். இவர் இந்தியாக்காரர் என்று லாரி டிரைவர் எடுத்துச் சொன்ன பிறகும் அவர் பேனாவை மூடவில்லை. மறுநாள் பார்த்தேன், என் பெயருக்கு நேரே எங்கள் தோட்டத்தின் பெயரையும் கீழ்ப்பிரிவு என்றும் எழுதியிருந்தார். ஏனுங்க இப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "இந்தியாவா இருந்தாலும் லண்டனா இருந்தாலும் ஒரு தோட்டத்துப் பேரு வேணும் ஐயா. திடீர்னு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க யாருக்குச் சொல்லி அனுப்புறது?"

பத்து நிமிஷம்

வார்டுக்கு வந்த டாக்டரம்மா சின்ன வயது, சிங்களவர். என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு வந்தது வெறும் வீக்கம் இல்லை, உடம்பு குளவி விஷத்தை ஏற்காமல் முரண்டு பிடிக்கிற வியாதி. அடுத்த முறை கொட்டினால் இதைவிட வேகமாக வரலாம், பத்து நிமிஷத்துக்குள் அட்ரினலின் ஊசி போட்டாக வேண்டும் என்றார். லாரியில் எவ்வளவு நேரம் வந்தீர்கள் என்று கேட்டார். ஐம்பது நிமிஷம் என்றதும் மருந்து அலமாரிச் சாவியைக் கொண்டுவரச் சொன்னார்.

கையோடு வைத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு மருந்துக் குப்பிகளும் ஊசிகளும் என் பெயருக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். தொடையின் வெளிப்பக்கம் ஒன்று, சில நிமிஷத்தில் அடங்காவிட்டால் இன்னொன்று, அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பஞ்சு வைத்து அவற்றைப் பத்திரப்படுத்தினேன். கம்பெனிக்குச் சொன்னேன், மாற்று ஆளுக்கு விசா வர நாளாகும் என்றார்கள். மனைவியிடம் காய்ச்சல் என்றேன். டாக்டரம்மாவிடம் விடைபெறும்போது, இந்த மாதிரி கேஸ் அடிக்கடி வருமா என்று கேட்டேன். கட்டில் வரிசையைக் கையால் காட்டி அவர் சொன்னது: "இந்தப் பக்கம் படுத்திருக்கிறவங்க எல்லாருமே குளவிதான். எல்லாரும் கொழுந்து எடுக்கிறவங்க. மெஷின் ரிப்பேருக்கு வந்து கொட்டு வாங்கினது நீங்க ஒருத்தர்தான்."

ஒத்திகை

என்ஜினீயர் புத்தி சும்மா இருக்குமா? அடுத்த கொட்டுக்கு என்ன வழி என்று ஒரு தாளில் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தேன். முதல் கட்டம், இலவச ஆம்புலன்ஸ். அந்த நம்பருக்கு அடித்து, எங்கள் தோட்டத்துக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தேன். தமிழில் பேசிய பெண், "நோயாளிக்கு மூச்சு இருக்கா?" என்று கேட்டார். "நோயாளி நான்தான், இன்னும் ஆகலை" என்றேன். லைனை அநாவசியமாகப் பிடித்து வைக்காதீர்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மீதியை மாரிமுத்துக் கங்காணியிடம் கேட்டேன். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களை மேற்பார்வை பார்ப்பவர் அவர். தோட்டத்து ரோட்டில் லாரி ஏறும், டிராக்டர் ஏறும், ஆம்புலன்ஸுக்கு அடிவயிறு இடிக்குமாம். அதனால் அது கீழே கோயில் சந்தியில் நிற்கும். அதுவரை ஆளைக் கம்பளியில் போட்டு, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பிரசவமோ பாம்புக்கடியோ, காலங்காலமாக அங்கே வழக்கம் அதுதான். என் கட்டங்களைப் பார்த்துவிட்டு அவர் ரொம்ப அன்பாக ஆறுதல் சொன்னார்: "மேல வராதுங்க ஐயா, நாமதான் கீழ போகணும். ஒண்ணும் யோசிக்காதீங்க, உங்களைத் தூக்குறதுக்கு எப்பவும் நாலு பேரு இருப்போம்."

ஙொய்ங்

அதற்குப் பிறகு நான் ஆளே மாறிப்போனேன். பளிச்சென்ற சட்டையை விட்டேன், தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். பாதையில் நடக்கும்போது கொழுந்தெடுக்கும் பெண்களைப் போலத் தலையில் கம்பளி போட்டுக்கொண்டேன். தோட்டத்துத் துரை, அதாவது மேனேஜர், ஜீப்பில் போகிறபோது என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தி, பிறகு ஒன்றும் கேட்காமலே போய்விட்டார். ஈ பறந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருநாள் சலிக்கிற அறையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். காதுக்குப் பின்னால் ஙொய்ங் என்று சத்தம். தூள் கொட்டிக் கிடந்த தரையில் குப்புற விழுந்து, கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, "குளவி! குளவி!" என்று கத்தினேன்.

யாரும் ஓடவில்லை. ஃபேக்டரியை நடத்துகிற டீமேக்கர் வயதானவர், எதற்கும் பதறாதவர். பக்கத்தில் வந்து கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, அது நம்ம மோட்டர் பேரிங் சத்தம். மூணு நாளா கத்துது. நீங்கதான் வந்து பாக்கணும்னு காத்துக்கிட்டிருக்கோம்."

நார் பொறுக்கிய கை

எனக்கே நான் ஊசி போட்டுக்கொள்ள முடியாது, மயக்கம் முந்திக்கொள்ளும். இன்னொரு கை வேண்டும். டாக்டர் ஐயா, "சரோஜாவைக் கேளுங்க. நடுங்காத கைன்னா இந்தத் தோட்டத்துல அவ கைதான்" என்றார். குறுக்குப் பாதையை ஒட்டிய மலையில்தான் சரோஜா கொழுந்தெடுத்தார். குளவி கொட்டினால் எனக்கு முதலில் எட்டக்கூடிய ஆளும் அவர்தான்.

சரோஜாவை எனக்கு முன்பே தெரியும். நான் மெஷினைப் பெட்டியிலிருந்து பிரித்த அன்று, பக்கத்து மேஜையில் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தூளிலிருந்து நாரைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சரோஜா. பதினாறு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தவர். மெஷின் ஓடத் தொடங்கிய வாரமே எட்டுப் பேரையும் மலைக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் விளம்பரத்தாளிலேயே 'எட்டுப் பேர் வேலையை ஒரே மெஷின்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த எட்டுப் பேர் அப்புறம் எங்கே போகிறார்கள் என்று பார்க்காமல் இருக்கத் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலில் நிம்மதியாகச் சாப்பிட முடியும், நானும் சாப்பிட்டேன்.

மருந்துக்காம்பராவில் டாக்டர் ஐயா பக்கத்தில் நிற்க, உருளைக்கிழங்கில் ஊசி குத்திப் பழகினோம். தண்ணீர் நிரப்பிய குப்பியின் கழுத்தை நான் ஒடித்தபோது கட்டைவிரலில் ரத்தம் வந்தது. சரோஜா முதல் தடவையிலேயே ஒரு சில்லு தெறிக்காமல் ஒடித்தார். உயிருள்ள தொடையில் குத்தத் துணிவு வருமா என்று சந்தேகமாகக் கேட்டேன். ஊசியை மேலே தூக்கிக் காற்றை வெளியேற்றிக்கொண்டே அவர் சொன்ன பதில்: "பயப்படாதீங்க சேர். உங்களைக் குத்துறதுன்னா எனக்குக் கை கொஞ்சம்கூட நடுங்காது."

பருந்து

ஒரு வெயில் நாள், காலை பத்து மணி இருக்கும். கேமரா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து கங்காணியின் குரல் வந்தது: "குளவி! ஓடாதீங்க! படு! படு!" பாறை இடுக்கில் இருந்த கூட்டைப் பருந்து அடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். டீமேக்கர் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். ஃபேக்டரியில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். "உள்ள போங்க தம்பி" என்றார் டீமேக்கர். போனேன். மெஷின் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வெட்கம் பிறகுதான் வந்தது. அப்போது தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவ்வளவு இதமாக இருந்தது.

ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இடுப்பில் கட்டுகிற படங்குச் சீலையை அவிழ்த்து மேலே மூடிக்கொண்டு பெண்கள் செடிகளுக்கு அடியில் அசையாமல் கிடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாலு பேர் ஒரு கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். டீமேக்கர் கதவைத் தட்டினார். "தம்பி, சரோஜாவுக்குப் பேச்சு வரல. மூச்சு இழுக்குது. டாக்டர் ஐயா அடுத்த தோட்டத்துல இருக்கார். லொறியும் இல்லை. ஆம்புலன்ஸுக்கு அடிச்சாச்சு, சந்திக்கு வருதாம்." என் கை சட்டைப்பையில் கண்ணாடிக் கூட்டின் மேலேயே இருந்தது. உள்ளே இருப்பது இரண்டு. கடிதத்தில் இருப்பது என் பெயர். நான் டாக்டர் இல்லை, அந்நிய நாட்டுக்காரன். ஊசி போட்டு அவர் செத்துப்போனால் போலீஸ் என்னிடம்தான் வரும். தலைமுடியிலும் கம்பளி மடிப்பிலும் குளவி ஒட்டிக்கொண்டு வரும் என்பதும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் நினைக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷமும் ஒரு பெண் கதவுக்கு வெளியே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

தாழ்ப்பாளைத் திறந்தேன். டீமேக்கர் ஃபோனை என் காதில் வைத்தார். "போடுங்க, தொடையில. யோசிக்காதீங்க" என்று டாக்டர் ஐயாவின் குரல். சரோஜாவின் கண் மூடிப்போகுமளவுக்கு முகம் வீங்கியிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. குப்பியை ஒடித்தேன், குத்தினேன். என் கை நடுங்கியது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? மூச்சு கொஞ்சம் இளகியது. நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க, நான் கூடவே ஓடினேன். பாதி வழியில், மலை ஊற்றிலிருந்து பீலித் தண்ணீர் விழும் இடத்தில் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. கீழே இறக்கி வைக்கச் சொல்லி இரண்டாவதையும் போட்டேன். சந்தியில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. முகமூடி மாட்டி அவரை ஏற்றினார்கள், கதவு மூடியது. காலியான கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்தேன். தூக்கி வந்த கம்பளியை உதறிக்கொண்டிருந்த மாரிமுத்துக் கங்காணி சட்டென்று நின்றார். குரலே எழுப்பாமல் சொன்னார்: "ஐயா, உங்க காலர்ல ஒண்ணு உக்காந்திருக்கு. ஆடாதீங்க."

வேறு வேலை

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. மனைவியிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னது ஞாபகம் வந்தது. இப்போது யார் அவளுக்கு என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். கழுத்தில் அதன் கால்கள் ஊர்வது தெரிந்தது. கங்காணி மெதுவாக வந்து, இரண்டு விரலால் இறக்கையோடு பிடித்து எடுத்து, செருப்பால் மிதித்தார். எதுவுமே நடக்காத மாதிரி, வாங்க, தேத்தண்ணி குடிப்போம் என்று கூப்பிட்டார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இமைகளைத் தவிர சரோஜாவின் வீக்கம் வடிந்திருந்தது. உடம்பெங்கும் கொட்டின புள்ளிகள். அதே டாக்டரம்மா எனக்குப் புதிதாக இரண்டு குப்பி கொடுத்தார், சரோஜாவுக்கும் இரண்டு. இனிமேல் அவருக்கும் என் நிலைமைதான், அடுத்த கொட்டு ஆகாது. "மலைக்குப் போக வேணாம். வேற வேலை கேளுங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் இரண்டு தடவை அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். ஓர் உயிரைக் காப்பாற்றிய மிதப்பு எனக்கு அப்போது கொஞ்சம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டாக்டரம்மா சொல்வதைக் கேளுங்க, எப்படியாவது வேற வேலைக்கு மாறிக்குங்க, நான் வேணும்னா துரைகிட்டப் பேசறேன் என்று நானும் புத்தி சொன்னேன்.

சரோஜா கோபப்படவில்லை. குப்பிகளைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, வீக்கம் வடியாத இமைகளைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்ச வேற வேலை ஒண்ணே ஒண்ணுதான் சேர். அதை இப்ப உங்க மெஷின் பாக்குது."

நான் ஊர் திரும்பி ஒரு வருஷமாகிறது. மெஷின் இன்றுவரை ஒருநாள்கூட நிற்கவில்லை என்று டீமேக்கர் ஃபோனில் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், அது ஒருமுறையாவது நின்று தொலைக்கக் கூடாதா என்று வேண்டிக்கொள்கிற ரிப்பேர்காரன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.